தாய்மொழி தந்த ஐயம்: மலையக மக்களும் இரு அரசுகளின் எல்லைக் கொள்கையும்

அகதி என்னும் சொல்லுக்குக் கதியற்றவர், புகலற்றவர் எனப் பொருள் காண்பது தமிழ் வழக்கு. அச்சொல்லினுள் எல்லை என்ற கருத்து இல்லை. ஒருவர் தாம் பிறந்த லயத்திலே இருந்தவாறே கதியற்றவர் ஆகலாம் என்பதை அது மறுப்பதுமில்லை. ஆனால் இன்றைய அரசுகளின் கொள்கையில் அகதி எனப்படுபவர் எல்லை கடந்து வந்தவரே. 1951ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் அகதிகள் சமவாயமும் தம் நாட்டுக்கு வெளியே நிற்பவரையே அகதி எனக் கொள்கின்றது. தமிழ்ச் சொல்லின் அகன்ற பொருளுக்கும் சட்டச் சொல்லின் ஒடுங்கிய பொருளுக்கும் இடைப்பட்ட வெளியில், ஹற்றன், தலவாக்கொல்லை, மஸ்கெலியா, நுவரெலியா ஆகிய இடங்களைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களின் மக்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாக வாழ நேர்ந்தது. அவர்கள் எல்லையிடம் செல்லவில்லை. எல்லையே அவர்களிடம் வந்தது.

இம்மக்களின் வரலாற்றை முழுமையாக உரைப்பது எமது நோக்கமன்று. அதனைப் பலர் உரைத்துள்ளனர். இலங்கை, இந்திய அரசுகள் தம்முட் செய்துகொண்ட ஒப்பந்தங்களையும் இயற்றிய சட்டங்களையும் ஒரு நூலை நோக்குமாறு நோக்கி, அவற்றின் வாசகங்களுள் உறையும் எண்ணம் யாதெனக் காண்பதே இக்கட்டுரையின் முயற்சி. செய்யுளின் ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு புலவனின் உள்ளக்கிடக்கையை ஆராயும் திறனாய்வாளர், சட்டத்தின் சொல்லை வழக்கறிஞருக்கு விட்டுவிட்டு ஒதுங்குதல் தகாது என்பது எமது துணிபு.

நாம் பற்றிக்கொள்ளும் வாசகம் 1954ஆம் ஆண்டு ஜனவரி 18ஆம் நாள் புதுடில்லியில் ஒப்பமிடப்பட்ட நேரு - கொத்தலாவலை ஒப்பந்தத்தில் உள்ளது. வாக்காளர் இடாப்பில் இடம்பெறாத வயதுவந்தோர் அனைவரையும் இலங்கை அரசு பதிவு செய்யும்; அப்பதிவு நிறைவெய்திய பின்னர், பதியப்படாத ஒருவரின் தாய்மொழி இந்திய மொழியாயின், மறுதலை நிறுவப்படும்வரை அவர் இந்தியாவிலிருந்து சட்டவிரோதமாக வந்தவர் என ஊகிக்கப்படுவார்; நாடுகடத்தப்படுதற்கும் உரியவராவார்; அதற்கு வேண்டிய வசதிகளை இந்திய உயர் ஸ்தானிகர் அளிப்பார். இதுவே அவ்வாசகத்தின் சாரம்.

இதனை மேலோட்டமாகப் படிப்பார்க்குக் கள்ளக் குடிவரவைத் தடுக்கும் நிருவாக ஏற்பாடாகவே தோன்றும். ஊன்றி நோக்கின், இதில் மூன்று செய்திகள் புலப்படும். முதலாவது, குற்றம் சாட்டுபவர் சான்று காட்ட வேண்டும் என்னும் பொதுநீதி இங்குத் தலைகீழாகின்றது. கடலைக் கடந்தார் என்பதை அரசு நிறுவ வேண்டியதில்லை. கடக்கவில்லை என்பதைத் தொழிலாளி நிறுவ வேண்டும். இரண்டாவது, கடலைக் கடந்தமைக்குச் சான்றாகக் கொள்ளப்படுவது படகோ, கடற்கரையிற் பிடிபட்டமையோ அன்று. நாவிலே வழங்கும் மொழி. டிக்கோயாவில் மூன்றாம் தலைமுறையாகப் பிறந்த ஒருவர் தம் தாயிடங் கற்ற சொல்லைப் பேசியமையே அவர்மீது ஐயங் கொள்ளப் போதியதாயிற்று. மூன்றாவது செய்தியே எமது ஆராய்ச்சிக்கு மிக வேண்டியது. இவ்வூகத்திற்கு இலங்கை மட்டுமன்று, இந்தியாவும் கையொப்பமிட்டது. தாளில்லாத் தமிழ் பேசுபவர் இந்தியாவிலிருந்து வந்தவராகவே இருத்தல் வேண்டும் என்பதை இந்திய அரசு எழுத்திலே ஏற்றுக்கொண்டது. இதனை வாசகர் நினைவில் இருத்துதல் வேண்டும். பின்னர் இவ்விடத்துக்கு மீள்வோம்.

தாள் இல்லாமை எவ்வாறு நேர்ந்தது? தோட்ட மக்களின் வாழ்வில் தாள் இல்லாதிருந்த காலமே இல்லை எனலாம். ஆயின் அது ஒருபோதும் அவர்களுடைய தாளாக இருக்கவில்லை. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குச் செல்ல விரும்பியவருக்கு, அவர் கடனைத் தீர்த்தால் விடுவிக்கப்படுவார் எனத் துரை எழுதித் தரும் சீட்டு வேண்டும். அதற்குத் 'துண்டு' என்று பெயர். தொழிலாளி ஒருவரை அவர் கடனோடு சேர்த்துக் கைமாற்றுவதற்கு அது வாய்ப்பாயிற்று. 1921இலே அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தமிழ்நாட்டிலிருந்து வருவோரின் கழுத்தில் தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் பொறித்த தகரத்துண்டு கட்டப்பட்டது. பெயர் செக்றோலில் இருந்தது. செக்றோல் காரியாலயத்தில் இருந்தது. குழந்தை பிறந்தால் அதனைப் பதிவாளருக்கு அறிவிக்கும் பொறுப்புத் தோட்ட நிருவாகத்தினுடையது. வேலையை விட்டு நீக்குகையிற் கொடுக்கப்படும் சீட்டை மக்கள் 'பத்துச்சீட்டு' என்பர்; அது ஒன்றுதான் தயக்கமின்றித் தொழிலாளியின் கையிற் கொடுக்கப்பட்ட தாள் போலும்!

அன்றியும், அக்காலத்தில் இராமேசுவரத்துக்கும் மன்னாருக்கும் இடையே இன்றைய பொருளில் எல்லை ஒன்று இருக்கவில்லை. இரு கரையும் ஒரே முடியின்கீழ் இருந்தன. மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாம் தொழிலாளரின் நோயைச் சோதித்ததேயன்றி நாட்டினத்தைச் சோதிக்கவில்லை. தலைமன்னார் வழியாக வந்தவர்கள் குடிபெயர்ந்தோராகவும் தம்மை எண்ணவில்லை; தோட்டத்துக்குச் சென்றோராகவே எண்ணினர். மலையக நாட்டார் பாடல்களில் வழிநடைத் துன்பமும் கங்காணியின் வஞ்சகமும் மலைக்குளிரும் மீண்டும் மீண்டும் பேசப்படுகின்றன. எல்லைச் சோதனை பேசப்படுவதாக நாம் காணவில்லை. இல்லாத ஒன்றை மக்கள் பாடுவதில்லை.

இத்தகையோரிடமே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தந்தையின் பிறப்பிடத்துக்குச் சான்று கேட்டது. 1948 நவம்பர் 15ஆம் நாளுக்கு முன் இலங்கையிற் பிறந்த ஒருவர் பரம்பரைப் பிரசையாவதற்குத் தந்தை இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். கிராமத்துச் சிங்களவரிலும் வடபுலத்துத் தமிழரிலும் பூட்டனின் பிறப்புச் சான்றைக் காட்ட வல்லவர் எத்துணையர்? ஆயின் அவர்களிடம் எவரும் அதனைக் கேட்கவில்லை. சட்டம் எல்லோர்க்கும் பொதுவாக எழுதப்பட்டது. வினா சிலரிடம் மட்டுமே வினவப்பட்டது. யார் யாரிடம் வினவுவது என்பதைத் தீர்மானித்தது மொழியும் இருப்பிடமுமே. ஆதலின் 1954ஆம் ஆண்டின் வாசகம் புதியதொன்றன்று. 1948இல் உட்கிடையாய் இருந்ததை அது வெளிப்படச் சொல்லிற்று.

1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம் இக்குறையை ஈடுசெய்யும் கதவெனக் கூறப்பட்டது. மணமானவர் ஏழாண்டும் ஏனையோர் பத்தாண்டும் இடையறாது வதிந்தமையைக் காட்டல் வேண்டும். ஒரு முறை ஊர் சென்று பன்னிரண்டு மாதத்துக்கு மேல் தங்கிவிட்டால் இடையறாமை அறுந்துபோம். தாயின் ஈமக்கடனுக்குச் சென்று கப்பலின்றித் தங்கினாரா, மணவினைக்குச் சென்று நோயுற்றாரா என்பவை கேள்வியல்ல. 1939 ஆகஸ்டில் இந்திய அரசு தொழிலாளர் இலங்கை செல்வதைத் தடைசெய்தது. அதன்பின் போர் வந்தது. அவ்வாண்டுகளில் மறுகரையில் அகப்பட்டுக்கொண்டவர் பலர். விண்ணப்பத்துக்குரிய இறுதி நாளாகிய 1951 ஆகஸ்ட் 5ஆம் நாளளவில் 2,37,000க்கு மேற்பட்ட விண்ணப்பங்கள், 8,24,000க்கு மேற்பட்ட ஆட்களுக்காக வந்து சேர்ந்தன. பத்தாண்டுக்கு மேற்பட்ட விசாரணையின் முடிவிற் பிரசைகளானோர் ஏறத்தாழ 1,34,000 பேர். வாக்குரிமையோ 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டத்தால் முன்னரே பறிபோயிருந்தது. 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலிலே இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு உறுப்பினரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிற்று. நுவரெலியாவிற் சௌ. தொண்டமானும் தலவாக்கொல்லையிற் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையும் அவருட் சேர்ந்தோர். அதன்பின் அத்தோட்டத்து மக்கள் தம்முள் ஒருவரை வாக்களித்துப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது 1977இலேதான்.

இவ்விடத்து எதிர்வாதம் ஒன்றையும் நேர்மையாக நோக்குதல் வேண்டும். கண்டிச் சிங்களக் கிராமத்தவரின் நிலம் 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலங்கள் பற்றிய கட்டளைச் சட்டத்தாலும் அதனைத் தொடர்ந்தவற்றாலும் தோட்டமுதலாளிகளின் கைப்பட்டது. தம் மலைச்சாரலில் அந்நியர் பயிரும் அந்நியர் கூலியும் நிறைந்ததைக் கண்டு அவர்கள் கொண்ட மனக்கசப்புப் பொய்யன்று. சிறிய தீவொன்று தன் கரையைக் காத்தல் தவறு என்று நாமும் கூறோம். 1952இல் தொடங்கிய 'மொன்றி நடவடிக்கை'யும், 1963இல் அமைக்கப்பட்ட கள்ளக் குடிவரவுத் தடுப்புப் படையும் மன்னார்க் கரையிற் காவல் செய்தமை எந்த அரசும் செய்யத்தக்கதே. எமது வினா வேறு. கரையிலே நிகழ்வதைத் தடுக்க எழுந்த சொல்லும் சட்டமும் கரைக்கு நூறு மைல் அப்பால், மலையுச்சியில், ஒரு நூற்றாண்டாக இருந்தோர் மேல் ஏன் பாய்ந்தன? நிலத்தை எடுத்தவர் கூலியாளல்லர். ஆயினும் நிலத்தை எடுத்தவரை எவரும் சட்டவிரோதக் குடியேறி என அழைக்கவில்லை.

அச்சொல்லைப் பற்றிச் சிறிது கூறுதல் தகும். 'கள்ளத்தோணி' தூய தமிழ்த் தொடர். அதன் நேர்ப்பொருள் அனுமதியின்றி வரும் படகு. படகுக்குரிய பெயர் அதில் வந்த ஆளுக்காகி, பின்னர் எந்தப் படகிலும் ஏறாத அவர் பேரனுக்கும் ஆயிற்று. இலக்கணத்தார் இதனை ஆகுபெயர் என்பர். சிங்களப் பேச்சுவழக்கிலும் இத்தொடர் அப்படியே புகுந்துள்ளது. தமிழ் பிறமொழிகட்கு வழங்கிய சொற்கொடைகளைப் பெருமையோடு பட்டியலிடும் நம் மொழியாராய்ச்சியாளர் இக்கொடையை அப்பட்டியலிற் சேர்ப்பதில்லை.

சொல்லைச் சிங்களவரிடம் மட்டுமே தேடுவதும் நேர்மையன்று. 'தோட்டக்காட்டான்' என்பதும் 'வடக்கத்தியான்' என்பதும் இலங்கைத் தமிழரின் வாயிலே பிறந்து தமிழர் மீதே எறியப்பட்ட சொற்கள். 1948இற் பிரசாவுரிமைச் சட்டத்தை எதிர்த்த ஜீ. ஜீ. பொன்னம்பலம், அமைச்சரான பின்னர் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்துக்கு ஆதரவளித்தார். அதனை ஏற்காது பிரிந்த செல்வநாயகம் முதலியோர் 1949 டிசம்பரிலே தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தனர். மொழி ஒன்றே என்பதனால் துணைநிற்பர் என்று கருதியோரைத் தமிழ் அரசியல் இரண்டாகப் பிளந்தது. நம் பல்கலைக்கழகங்களின் தமிழ்த்துறைகளும் மலையக இலக்கியத்தை ஈழத்து இலக்கியத்தின் ஒரு பகுதியாக ஏற்றுப் பாடத்தில் வைக்கக் காலந் தாழ்த்தின. இதனைத் தமிழ்ச்சங்கத்து ஏட்டில் எழுதாது வேறெங்கு எழுதுவது?

1964 அக்டோபர் 30ஆம் நாளைய சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் மொழியையும் கைவிட்டு எண்ணைப் பற்றிக்கொண்டது. நாடற்றோர் 9,75,000, இந்தியா ஏற்பது 5,25,000, இலங்கை ஏற்பது 3,00,000, எஞ்சிய 1,50,000 பின்னர் தீர்மானிக்கப்படும். 1974இல் அவ்வெச்சத்தை இரு பிரதமரும் 75,000 வீதம் சமமாகப் பகிர்ந்துகொண்டனர். ஏழுக்கு நான்கு என்பது விகிதம். 1971ஆம் ஆண்டின் திருத்தத்தின்படி ஏழு பேர் நாட்டை விட்டுப் புறப்பட்டாலன்றி நால்வர் பிரசைகளாதல் இயலாது. ஒரு லயத்தின் நான்கு காம்பராவில் வாழ்ந்தோர் பிரசைகளாவதற்கு மற்றை ஏழு காம்பராவினர் கப்பலேறுதலை எதிர்நோக்க வேண்டியவராயினர். அயலவரின் இழப்பை ஒருவரின் உரிமைக்கு விலையாக வைத்த இவ்வேற்பாட்டை, இரு நாட்டு நல்லுறவின் வெற்றியென அக்காலத்து ஏடுகள் பாராட்டியதை எண்ணுகையில் வியப்பே மிகுகின்றது.

மக்களின் விருப்பம் எதுவாக இருந்தது என்பது மறைபொருளன்று. விண்ணப்பம் கோரப்பட்டபோது இந்தியப் பிரசாவுரிமை வேண்டியோர் ஏறத்தாழ நான்கு இலட்சம். இலங்கைப் பிரசாவுரிமை வேண்டியோர் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர். ஒப்பந்தத்தின் விகிதமும் மக்களின் விகிதமும் ஒன்றுக்கொன்று எதிரானவை. எனினும் இச்செயலுக்கு இட்ட பெயர் 'தாயகம் திரும்புதல்'. திரும்புதல் என்பது முன்னர் நீங்கிய இடத்துக்கு மீளுதல். பொகவந்தலாவையிற் பிறந்து, கொட்டகலைச் சந்தைக்கு அப்பால் அறியாத ஒருத்தி, தான் காணாத திருச்சிராப்பள்ளிக்கு எவ்வாறு திரும்புவாள்? அரசின் சொற்கள் பொய் கூறுவதற்கு நீண்ட வாக்கியங்கள் வேண்டியதில்லை. ஒரு வினைச்சொல் போதும்.

எல்லை ஹற்றன் புகையிரத நிலையத்துக்கு வந்த காலம் அது. கண்டியில் உள்ள இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயத்தில் குடும்ப அட்டை. சேமலாப நிதிக்காகக் காத்திருப்பு. வதிவிட அனுமதி முடிவதற்குள் புறப்பட வேண்டுமெனும் அறிவித்தல். பின்னர் தலைமன்னார் செல்லும் வண்டி. மூத்த மகன் இலங்கைப் பிரசையாகவும் பெற்றோர் இந்தியப் பிரசைகளாகவும் பிரிந்த குடும்பங்கள் அம்மேடையிற் கதறியதனை நேரிற் கண்டோர் மலையகத்தில் இன்றும் உளர். ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டு இரு திங்கள் நிரம்புமுன், 1964 டிசம்பரிற் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அரசுகள் ஆட்களைக் கணக்கிட்டு முடித்த வேளையிற் கடல் இறங்குதுறையை எடுத்துக்கொண்டது. கப்பல் இராமேசுவரத்துக்குச் செல்லலாயிற்று. அக்கரையில் மண்டபம் முகாம் மீண்டும் அவர்களை ஏற்றது. சிலருக்கு நீலகிரியில் அரசு தொடக்கிய தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. கூடலூரிலும் கோத்தகிரியிலும் அவர்கள் மீண்டும் கொழுந்து பறித்தனர். வேறு சிலர் கொடைக்கானல் மலையிற் கொத்தடிமைகளாய் உழன்றமை 1980களில் வெளிவந்தது. அவர்களை அங்குள்ளோர் அழைத்த பெயர் 'சிலோன்காரர்'. இங்கு இந்தியர், அங்கு சிலோன்காரர்.

இந்நிகழ்வை நம் புனைகதை எவ்வாறு எதிர்கொண்டது என்பதும் திறனாய்வாளர் நோக்கற்பாலது. போதலைப் பற்றித் தமிழகம் எழுதியது. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' 1935இல் வெளிவந்தது. இலங்கையைக் காணாத ஒருவர் தேயிலைத் தோட்டத்துப் பெண்ணின் அழிவைத் தம் அறச்சினத்தால் உருவாக்கினார். மீளுதலைப் பற்றித் தமிழகத்தில் அத்தகைய வலிமையோடு நிலைபெற்ற படைப்பு எழவில்லை என்பது எமது மதிப்பீடு. மலையகத்து எழுத்தாளரோ இருத்தலைச் செவ்வனே எழுதினர். என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' கொழுந்துக் கூடையின் நிறையையும் ஒரு பெண்ணின் மானத்தையும் ஒரே தராசில் இடும் செப்பமான கதை. சி. வி. வேலுப்பிள்ளை தம் நாவலுக்கு 'வீடற்றவன்' எனப் பெயரிட்டார். சட்டம் 'நாடற்றவர்' என எழுதிய இடத்திற் படைப்பாளி 'வீடற்றவன்' என எழுதினார். நாடு என்ற அருவப்பொருளைக் கைவிட்டு, லயக்காம்பராவினின்று வெளியேற்றப்படும் உடலின் துன்பத்தை அச்சொல் சுட்டுகின்றது. மாத்தளை சோமு தம் நாவல் ஒன்றுக்கு 'எல்லை தாண்டா அகதிகள்' எனப் பெயர் வைத்தமை, இக்கட்டுரையின் தொடக்கத்தில் நாம் கூறிய பொருள் வேறுபாட்டை ஒரே தொடரில் தீர்த்துவைக்கின்றது.

எனினும் ஒரு குறையைக் கூறாதிருத்தல் இயலாது. ஒப்பந்த காலத்துச் சிறுகதைகளுட் பல புகையிரத மேடையோடு முடிந்துவிடுகின்றன. வண்டி புறப்படும், கையசைப்பர், கண்ணீர் வழியும், கதை முடியும். பிரிவே முடிவெனக் கொள்ளும் இவ்வழக்கு, அரசின் கோப்பும் அங்கேயே மூடப்பட்டது என்பதை மறக்கச் செய்கின்றது. புறப்பட்டவர் எண்ணிக்கையிற் குறைந்தார் என்பதோடு கொழும்பின் கணக்கு முடிந்தது. வந்தவர் எண்ணிக்கையிற் கூடினார் என்பதோடு டில்லியின் கணக்கு முடிந்தது. கதையும் அங்கேயே முடியலாமா?

1977ஆம், 1981ஆம், 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்கள் இக்கணக்குகளையெல்லாம் கலைத்தன. நுவரெலியா நகர் 1983 ஜூலையில் எரிந்தது. தோட்டங்களிலிருந்து வவுனியாவுக்கும் அதற்கு அப்பாலும் ஓடியோர் பின்னர்ப் போரில் அகப்பட்டனர். 1984இலே தலைமன்னார்க் கப்பல் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டைப் பெற்றும் புறப்பட இயலாது தோட்டங்களிலே தங்கியோர் ஏறத்தாழ 84,000 பேர்.

இலங்கை அரசு பின்னர்ச் செய்ததனை மறைத்தல் ஆகாது. 1986ஆம், 1988ஆம் ஆண்டுச் சட்டங்கள் எஞ்சிய நாடற்றோரிற் பெரும்பாலோர்க்கு வழிசெய்தன. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30ஆம் நாள் முதல் இலங்கையில் நிரந்தரமாக வதிந்த இந்திய வம்சாவளியினரையும் அவர்தம் வழித்தோன்றல்களையும் பிரசைகளாக்கிற்று. அவ்வாண்டின் பிற்பகுதியில் நடந்த இயக்கத்தில், பத்து நாட்களுக்குள் 1,90,000 பேர் அளவில் பிரசாவுரிமை பெற்றனர். இந்தியாவுக்கு ஓடியோரை விட்டுவிட்ட குறையை 2009ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்க முயன்றது. பத்து நாட்கள் என்பதை நாம் அழுத்திக் கூறுகின்றோம். 1951 முதல் பத்தாண்டுகள் ஆணையாளர்கள் விசாரித்தும் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவரையே ஏற்ற அதே நாடு, சான்றுப்பொறுப்பைத் தளர்த்தி ஒருவரின் சொல்லை நம்பத் துணிந்தபோது பத்து நாட்களிற் செயலை முடித்தது. ஆயின் முன்னர்த் தடையாய் நின்றது தாளின் இன்மையன்று. நம்பும் விருப்பின் இன்மையே.

இனி, நாம் முன்னர் விட்ட இடத்துக்கு வருவோம். போரின்போது கடலைக் கடந்து தமிழ்நாடு சேர்ந்த ஏதிலியருள் மலையக வழியினர் கணிசமானோர். இம்முறை அவர்கள் உண்மையிலேயே தோணியில் வந்தனர். வரலாற்றின் கேலியை இதனினும் மிகுத்தல் எவர்க்கும் அரிது: கடலைக் காணாதபோது கள்ளத்தோணி எனப்பட்டவர், தோணியேறியபோது தம் மூதாதையரின் நாட்டிலேயே அந்நியராயினர். இந்தியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்திலோ, 1954ஆம் ஆண்டின் நாடற்றோர் சமவாயத்திலோ சேரவில்லை. இலங்கையும் சேரவில்லை. அகதிகளுக்கெனத் தனிச்சட்டமும் இந்தியாவில் இல்லை. அந்நியர் பற்றிய பொதுச்சட்டமே உண்டு. 2003ஆம் ஆண்டிற் குடியுரிமைச் சட்டத்துக்குச் செய்யப்பட்ட திருத்தம், செல்லுபடியாகும் கடவுச்சீட்டின்றி நுழைந்தவரைச் சட்டவிரோதக் குடியேறி என வரையறுத்து, அவர் பதிவு வழியாகவோ இயல்புரிமை வழியாகவோ குடியுரிமை பெறும் வழியை அடைத்தது. மலையகத்து மக்களுக்கு இலங்கை கதவைத் திறந்த அதே ஆண்டில் இந்தியா கதவை அடைத்தது.

இந்திய அரசியலமைப்பின் 8ஆம் உறுப்புரை, பிரிவினைக்கு முந்திய இந்தியாவில் தாமோ பெற்றோரோ பாட்டன் பாட்டியோ பிறந்திருந்து, வெளிநாட்டில் வாழ்பவர் இந்தியத் தூதரகத்திற் பதிந்து குடியுரிமை பெறலாம் என 1950இலேயே கூறியது. 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தம் ஐந்தேகால் இலட்சம் பேரை ஏற்க உறுதி கூறியது. இவற்றை எடுத்துக்காட்டி, திருச்சிராப்பள்ளி கொட்டப்பட்டு முகாமைச் சேர்ந்தோர் உள்ளிட்ட மலையக வழியினர் 65 பேர் தொடுத்த வழக்கில், சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஜூன் 17இல் தீர்ப்பளித்தது. நீதியரசர் ஜி. ஆர். சுவாமிநாதன் அவர்களின் இந்திய வேரினைக் கருத்திற்கொண்டு, புதிய விண்ணப்பங்களை மத்திய அரசு 16 வாரங்களுள் ஆராய்ந்து முடிவுசெய்யுமாறு பணித்தார். அவ்வாண்டு டிசம்பரில் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த ஆறு சமயத்தாரைச் சட்டவிரோதக் குடியேறி என்னும் வரையறையினின்று விலக்கியது. இலங்கை அப்பட்டியலில் இல்லை. துன்புற்றோர்க்குப் புகல் அளிப்பதே நோக்கமெனின், நாடும் சமயமும் எண்ணி வகுத்த அப்பட்டியல் அந்நோக்கத்தோடு பொருந்துமாறில்லை.

இப்போது 1954ஆம் ஆண்டின் வாசகத்தை மீண்டும் படித்துப் பார்க்கலாம். தாளில்லாத் தமிழர் ஹற்றனில் நின்றபோது, அவர் மொழியே அவர் இந்தியாவினர் என்பதற்குச் சான்று எனக் கொழும்பும் டில்லியும் ஒருமித்தன. அவர் பேத்தி தாளின்றித் திருச்சிராப்பள்ளியில் நிற்கையில், அதே மொழி எதற்கும் சான்றாகவில்லை. தொலைக்கும்போது போதியதாய் இருந்த ஊகம், ஏற்கும்போது போதாதாயிற்று. தாய்மொழியை வைத்து ஒருவரை வெளியேற்றலாம் என ஒப்பிய அரசு, தாய்மொழியை வைத்து ஒருவரை உள்ளே சேர்க்கலாம் என ஒப்பவேண்டிய கடன் உடையதன்று என்று சட்ட அறிஞர் கூறலாம். அக்கூற்றின் ஏரணம் எமக்கு விளங்கவில்லை.

பிறர்க்கு நாம் புகல் அளிக்கும் முறையையும் இவ்வாராய்ச்சி தொடுகின்றது. பர்மாவின் 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் 1823க்கு முன்னரே அந்நாட்டிற் குடியிருந்த இனங்களைக் கணக்கிட்டு றோகிங்யா மக்களை வெளியே நிறுத்தியது. பூட்டனைத் தேடிய நம் 1948ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அது தம்பி முறை. 2024 டிசம்பரில் அம்மக்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் படகொன்றில் முல்லைத்தீவுக் கரையை அடைந்தனர். கரையிலிருந்தோர் முதலில் உணவளித்தனர். அரசின் விசாரணை அதன்பின்னரே தொடங்கியது.

மண்டபம் முகாம் இன்றும் உள்ளது. தேயிலைக்குச் செல்வோரின் நோயைச் சோதித்த இடம் ஒப்பந்தத்தால் வந்தோரை இறக்கிய இடமாயிற்று. 1983க்குப் பின்னர் அகதி முகாமாயிற்று. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிற் பசிக்கு அஞ்சி இலங்கையிலிருந்து படகேறியோரும் அங்கேயே தங்கவைக்கப்பட்டனர். 2021 ஆகஸ்டிலே தமிழ்நாடு அரசு அகதி முகாம்களை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' எனப் பெயர் மாற்றியது. வீடுகளும் கட்டித் தரப்படுகின்றன. 2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9ஆம் நாளுக்கு முன் வந்து பதிந்த இலங்கைத் தமிழ் அகதிகளைக் கடவுச்சீட்டின்றி வந்தமைக்கான தண்டனையினின்று விலக்கியது. தண்டனை நீங்கிற்று; குடியுரிமை வரவில்லை. நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகளில் இக்குடும்பங்கள் பெற்ற தகரத்துண்டு, குடும்ப அட்டை, முகாம் அட்டை ஆகியவற்றுள் எஞ்சியவற்றைத் தொகுத்துப் படியெடுக்கும் பணியை நம் தமிழ்த்துறைகளுள் ஒன்றேனும் மேற்கொள்ளுதல் வேண்டும். ஹற்றனிலும் கொட்டப்பட்டிலும் அவற்றைப் பெட்டியடியில் வைத்துப் பேணுவோர் முதியவராகிவருகின்றனர்.